ஸ்ரீவில்லிபுத்தூரை யார் காட்டுவது?



ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும் வெளியூர்க்காரர்களின் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. வேன் கோயில் வீதியில் வந்து நிற்கும். செருப்பை வண்டியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு இறங்குவார்கள். ஆண்டாள் சன்னிதியில் அர்ச்சனை, வடபத்ரசாயி சன்னிதியில் தீர்த்தம், கோபுரத்தின் முன்னால் குடும்பத்தோடு ஒரு படம், கடையில் ஒரு கிலோ பால்கோவா. ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம். அதற்குள் வேன் குற்றாலத்துக்குக் கிளம்பிவிடும். போகிற வழியில் ராஜபாளையத்தில் டீக்கு நிறுத்தினால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

பக்தியோடு வருகிறார்கள், மனநிறைவோடு போகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர்கள் கடந்துபோனவற்றை எண்ணிப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. சுதைச் சிற்பமே இல்லாமல் எழுந்து நிற்கும் பதினோரு நிலைக் கோபுரம். புராணக் காட்சிகள் செதுக்கிய மர விதானம். நாயக்கர் காலத்து முழு உருவச் சிற்பத் தூண்கள். திருமலை நாயக்கர் பெயரால் வழங்கும் மகால். ஒரு பேரரசர் தெலுங்கில் காவியமாக்கிய கதை நடந்த தெருக்கள். அந்தக் காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த அறிஞர் வாழ்ந்த பக்கத்து ஊர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 கி.மீ. தூரம்தான். இரண்டையும் சேர்த்து, நின்று நிதானமாக, ஒரே கதையாகச் சொல்லிக் காட்டும் ஆள்தான் இல்லை.

அந்த ஆளைப் பற்றியதுதான் இந்தச் சொற்பொழிவு. ஊர்க்காரராக இருந்து, படித்து, பயிற்சி பெற்று, உழைப்புக்கேற்ற கூலி வாங்கிக்கொண்டு சிறு குழுக்களுக்குத் தம் ஊரைக் காட்டும் வழிகாட்டிகள் இந்த இரு ஊர்களுக்கும் வேண்டும். அதற்கான காரணங்களையும், அவர்கள் எதை, எப்படிக் காட்ட வேண்டும் என்பதையும் பார்க்கலாம்.

பிற ஊர்கள் செய்வது

கலைக்கும் தேவாலயங்களுக்கும் பெயர்போன இத்தாலிய நகரம் ஃபுளோரன்ஸ். அங்கே ஒரு குடும்பமோ நாலைந்து நண்பர்களோ தங்களுக்கென்று தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு ஊர் சுற்றுவது சர்வ சாதாரணம். 1436இல் முடிந்த பேராலயத்தின் குவிமாடத்தைப் புருனெலெஸ்கி எப்படிக் கட்டினார் என்பதை வழிகாட்டி தெருவில் நிறுத்தி விளக்குவார். சாந்தா குரோச்சே தேவாலயத்தில் மைக்கலாஞ்சலோவின் கல்லறையையும் கலிலியோவின் கல்லறையையும் காட்டுவார். பிரான்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சோ வரைந்த சுவரோவியத்தின் முன்னால் நிறுத்தி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று முதலில் பார்க்கச் சொல்வார். வந்தவர்கள் கோயிலுக்குள் போன மாதிரியும் இருக்கும், பாடம் கேட்ட மாதிரியும் இருக்கும். இந்தத் தொழிலை அந்த நாடு எவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வோடு வழிகாட்டிகளுக்கென்றே 2023இல் அங்கே ஒரு சட்டம் நிறைவேறியது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மதுரையில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுப்பில் 2010 முதல் நடந்துவரும் பசுமை நடையைச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் மக்கள் திரண்டு ஒரு சமணக் குன்றில் ஏறுவார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறையில் உள்ள தமிழி எழுத்துகளைப் படித்துக் காட்டுவார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். கீழக்குயில்குடி, மாங்குளம், அரிட்டாபட்டி போன்ற இடங்களுக்கு மதுரைக்காரர்களே அப்படித்தான் முதன்முதலாகப் போனார்கள். வெடி வைத்துத் தகர்க்கப்படும் குன்றுகளுக்கு ஊருக்குள் ஆதரவுக் குரல் எழுந்ததில் இந்த நடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னையில் 2004 முதல் கொண்டாடப்படும் மெட்ராஸ் தினமும் இதே மாதிரித் தெருத்தெருவாக நடந்து நகரத்தைப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்திருக்கிறது. மதுரையிலிருந்து சுமார் 75 கி.மீ. தொலைவில், அதைவிடக் குறையாத செல்வத்தை வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் காத்திருக்கிறது.

கோபுரத்தடியில் அரை மணி நேரம்

நல்ல வழிகாட்டி ஒருவர் இந்த ஊரில் நடையை எங்கே தொடங்குவார்? வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரத்துக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, கழுத்து வலிக்காமல் உச்சி தெரியும் இடத்தில்.

உயரம் 192 அடி என்பார்கள். அந்த எண்ணைச் சொல்லி முடிப்பதோடு வேலை முடிவதில்லை. பார்வையாளரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மதுரை மீனாட்சி கோயில் கோபுரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சற்று நேரம் பார்த்தால் பிடிபடும். மதுரையில் தேவரும் அசுரரும் பூதகணமும் விரல் நுழைய இடமில்லாமல் சுதையில் நெருக்கி நிற்பார்கள், வண்ணம் கண்ணைப் பறிக்கும். இங்கே உருவங்களே இல்லை. அரைத்தூண்களும் கூடுகளும் வரிவரியாக மேலேறிக் குறுகிக்கொண்டே போகின்றன. கட்டடக் கணக்கு முழுதும் வெளியே தெரிகிறது. உருவங்கள் மறைக்காத கோபுரம் எப்படியிருக்கும், நிலைக்கு நிலை அகலம் எந்த அளவில் குறைகிறது, வாசல்கள் எப்படி ஒன்றின்மேல் ஒன்றாக நேர்கோட்டில் வருகின்றன என்று படிக்க விரும்பும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

அடுத்து, எல்லோரும் கேட்கும் கேள்வி வரும். தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தானே? ஆம் என்பதே ஊரின் பெருமை, பாடப் புத்தகம் வரை அப்படித்தான் பரவியிருக்கிறது. ஆனால் முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ், மதுரை மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரத்தை வைத்தே வரைந்ததாகச் சொன்னார் என்ற செய்தியும் நெடுநாளாக இருக்கிறது. வழிகாட்டி இரண்டையும் சொல்ல வேண்டும். கையில் முத்திரை அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து, எதிரே நிற்கும் கோபுரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஊர்ப் பெருமை அதனால் ஒரு குன்றிமணி அளவும் குறையாது. வந்தவருக்கோ, ஒரு செய்தியை எப்படிச் சோதிப்பது என்ற பழக்கம் வந்துவிடும்.

இதே அளவுகோல் மற்றக் கதைகளுக்கும் பொருந்தும். வில்லி, கண்டன் என்ற வேடச் சகோதரர்களில் கண்டனைப் புலி கொன்றது, தேடிப் போன வில்லியின் கனவில் பெருமாள் வந்து சொல்ல அவன் காட்டைத் திருத்தி ஊரமைத்தான் என்பது தலபுராணம். திருமலை நாயக்கர் காலத்தில் ஆண்டாள் சன்னிதியின் உச்சிகாலப் பூசை முடிந்த செய்தி மணியோசையாக மண்டபத்துக்கு மண்டபம் தாவி மதுரைக்குப் போகும், அதன்பிறகே மன்னர் உண்பார் என்பது செவிவழிக் கதை. இவற்றைச் சொல்லாமல் விட்டால் ஊரின் உயிர் போய்விடும். கல்வெட்டைப் போல அடித்துச் சொன்னால் வரலாறு போய்விடும். இது தலபுராணம், இது செவிவழிச் செய்தி, இது கல்வெட்டில் உள்ளது என்று ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடத்தைக் கொடுத்துப் பேசுவதுதான் வழிகாட்டியின் முதல் தகுதி. புலி நடமாடிய காடு வெறும் கதையல்ல என்பதையும் மேற்கே மலையைக் காட்டிச் சொல்லலாம். சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் சரணாலயமான அந்தக் காடு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டது.

கோபுரம் தாண்டி உள்ளே போனால் வடபத்ரசாயி சன்னிதிக்கு மாடியேற வேண்டும். அங்கே கோபால விலாசம் என்ற மண்டபத்தின் விதானம் முழுக்க மரவேலை. தரிசனத்துக்கு அவசரமாகப் போகிறவர்கள் யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. தலையைத் தூக்கச் சொல்ல ஒருவர் வேண்டும். ஆண்டாள் கோயிலின் மண்டபத் தூண்களும் அப்படித்தான். வாளேந்திய வீரபத்திரரின் முறுக்கிய உடலையும் யாளியின் வாயையும் கல் தச்சர் ஒற்றைக் கல்லில் எப்படிக் கொண்டுவந்தார் என்பதைத் தூணைச் சுற்றி நடந்து பார்த்தால்தான் விளங்கும். கருவறையில் நடுவே ரங்கமன்னார், ஒரு பக்கம் ஆண்டாள், மறுபக்கம் கருடாழ்வார். பிற பெருமாள் கோயில்களில் எதிரே கைகூப்பி நிற்கும் கருடன் இங்கே பக்கத்தில் நிற்கிறார். மேலே உள்ள விமானத்துக்குத் திருப்பாவை விமானம் என்றே பெயர். பாடல்களின் காட்சிகள் அங்கே உருவங்களாக இருக்கின்றன. சூடிய மாலையோடு ஆண்டாள் தன் அழகைப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறும், துளசிச் செடியடியில் பெரியாழ்வார் அவளைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் நந்தவனமும் அருகிலேயே இருக்கின்றன.

ஆண்டாளின் கையில் உள்ள கிளி

கலை என்றால் கல்லும் மரமும் மட்டும்தானா? இந்தக் கோயிலில் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறந்து, அன்றோடு முடிந்துபோகும் ஒரு சிற்பம் இருக்கிறது. ஆண்டாளின் இடக்கையில் அமரும் பச்சைக்கிளி அது.

அலகுக்கு மாதுளம்பூ. உடலுக்கு மரவள்ளி இலை. இறக்கைக்கு நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும். வாலுக்கு அரளி மொட்டுகள். கண்ணுக்குக் காக்காப்பொன். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வாழைநார். இலையை மடிக்கும் பக்கம் மாறினால் கழுத்து கோணிவிடும். நாரை இறுக்கிக் கட்டினால் இலை கிழிந்துவிடும். பல மணி நேரம் பிடிக்கும் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். மாலையில் சாத்தப்படும் கிளி, பிறகு பிரசாதமாக ஒரு பக்தரின் கைக்குப் போய்ச் சேர்கிறது. மறுநாள் மறுபடியும் மாதுளம்பூ தேட வேண்டும்.

பெரும்பாலோர் சன்னிதியில் நிற்கும் அரை நிமிடத்தில் அந்தக் கிளியைப் பார்ப்பதுகூட இல்லை. அது எப்படி உருவாகிறது என்பதை முன்பே சொல்லி அழைத்துப் போனால், கூட்டத்தில் எட்டிப் பார்க்கும் கண்ணுக்கு அது தப்பாது.

மாலையும் அப்படியே. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்குத் திருப்பதி போகிறது. சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் கள்ளழகர் சூடிக்கொள்வதும் இங்கிருந்து போகும் மாலையைத்தான். மதுரையில் லட்சக்கணக்கானவர்கள் அழகரைப் பார்க்கிறார்கள். அவர் தோளில் கிடக்கும் பூ எந்த ஊர்த் தோட்டத்துப் பூ என்று அறிந்தவர்கள் குறைவு. மார்கழியில் வந்தால் அரையர் சேவையைக் காணலாம். கூம்புக் குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு, பாசுரத்தைப் பாடி அபிநயம் பிடிக்கும் இந்தக் கலை தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என மூன்று ஊர்களில்தான் இன்றும் தொடர்கிறது. ஆடிப்பூரத்துக்கு வந்தால் தேர். முன்பு மரச் சக்கரத்தில் நகர்ந்து நிலைக்கு வர நாள்கணக்கில் ஆன அந்தப் பெருந்தேர், இரும்புச் சக்கரம் பூட்டிய பிறகு ஒரே நாளில் வீதி சுற்றி வருகிறது.

ராயர் எழுதியதும் ராஜா பெயர்த்ததும்

கோயிலிலிருந்து திருமுக்குளம் நடந்து போகும் தூரம்தான். அங்கே படிக்கட்டில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு.

விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டவர். படையெடுப்பின்போது ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் என்ற ஊரில் தங்கியிருக்கையில், ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றித் தம் திருமணக் கதையைத் தெலுங்கில் பாடச் சொன்னதாக அவரே எழுதுகிறார். பிறந்தது ஆமுக்தமால்யதா. தெலுங்கின் பெருங்காவியங்களில் ஒன்று அது. கதைத் தலைவி நம் கோதை, அதாவது ஆண்டாள். காவியம் தொடக்கத்திலேயே வில்லிபுத்தூரை வருணிக்கிறது. வயல்களையும் வாய்க்கால்களையும் தெருக்களையும் கண்முன் நிறுத்துகிறது. அதில் ஒரு காட்சி தெலுங்கர்கள் பலருக்கும் மனப்பாடம். இறகுக்குள் தலையைச் செருகித் தண்ணீரோரம் உறங்குகின்றன வாத்துகள். விடியற்காலையில் குளிக்க வந்த அந்தணர்கள் பிழிந்து வைத்து மறந்துபோன வேட்டிகள் அவை என்று ஊர்க்காவலர்கள் நினைக்கிறார்கள். எடுத்துக் கொடுக்கலாமென்று தண்ணீரில் இறங்குகிறார்கள். வாத்துகள் விருட்டென்று எழுந்து பறக்கின்றன. வயல் காக்கும் பெண்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஒரு பேரரசர் ஒரு சின்ன ஊரின் வாய்க்கால் கரையை இவ்வளவு உற்றுப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்பது எப்பேர்ப்பட்ட அனுபவம்! ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வரும் பயணிகளுக்கு இதைச் சொன்னால் அவர்கள் இந்த ஊரைத் தங்கள் இலக்கியத்தின் சொந்த ஊராகவே பார்ப்பார்கள். இப்போது அவர்களும் பால்கோவா வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

இந்தக் காவியத்தைத் தமிழில் பெயர்த்தவர் மு.கு. ஜகந்நாத ராஜா. ராஜபாளையத்துக்காரர், பன்மொழிப் புலவர். இந்த மொழிபெயர்ப்புக்காக 1989ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். விஜயநகர நாட்டிலிருந்து தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் பழையபாளையம், புதுப்பாளையம் என்று வீடுகட்டி வாழ்ந்த ஊர் ராஜபாளையம். வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழுமாக வளர்ந்த ஓர் அறிஞர், பக்கத்து ஊர்ப் பெண்ணைப் பற்றித் தெலுங்கில் எழுதப்பட்ட காவியத்தை அவள் மொழிக்கே திருப்பிக் கொண்டுவந்தார். இரண்டு ஊர்களையும் ஒரே நடையாகச் சேர்ப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேட வேண்டியதில்லை. திருமுக்குளத்தில் கதையைத் தொடங்கி ராஜபாளையத்தில் முடிக்கலாம்.

ராஜபாளையத்தில் காட்ட வேறென்ன இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களே கேட்பதுண்டு. காந்தி கலை மன்றம் இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராகவும் பின்னர் ஒரிசா ஆளுநராகவும் இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா, தாம் குடியிருந்த வீட்டையே ஊருக்கு எழுதிக் கொடுத்து உருவாக்கியது அது. பெத்தவநல்லூர் மாயூரநாத சுவாமி கோயில் இருக்கிறது. 1930களில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலையிலிருந்து வளர்ந்த தொழில் வரலாறு இருக்கிறது. அருகே சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளின் சத்தம் தெருவெங்கும் கேட்கும். 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாயைக் குழந்தைகள் கேட்காமல் விட மாட்டார்கள். இவற்றில் இரண்டை மட்டும் ஊன்றிக் காட்டினால்கூட அரை நாள் போதாது.

தேவாலயங்களையும் சேர்த்து

இந்த வட்டாரத்தின் கலைப் பயணம் கோயில்களோடு நின்றுவிட முடியாது. 1850களில் தாமஸ் ராக்லாண்டு என்ற கேம்பிரிட்ஜ் கணித அறிஞர், சர்ச் மிஷனரி சொசைட்டியின் (சி.எம்.எஸ்.) மிஷனரியாக, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கிராமங்களில் ஊர் ஊராகப் போய்ப் பணி செய்தார். பங்களாவில் இருந்துகொண்டு மக்களை வரவழைக்கும் வழக்கத்தை மாற்றி, மக்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த் தங்கியவர் அவர். 1858இல் சிவகாசியில் இறந்தார். இந்த வரலாற்றின் தொடர்ச்சியாகத் தெற்கே இரண்டாம் நாள் பயணத்தை வகுக்கலாம்.

கோவில்பட்டிப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டி. வீரமாமுனிவர் தமிழகத்தில் பணியாற்றிய தொடக்க காலத்து ஊர்களில் ஒன்று. ஆகஸ்ட் 15இல் பரலோக மாதா திருவிழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் கூடுவார்கள். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் காலத்தில், 1826இல் திறக்கப்பட்ட தூய திரித்துவப் பேராலயம், ஊர்க்காரர்களுக்கு ஊசிக் கோபுரம். அங்கிருந்து திருச்செந்தூர்ப் பக்கம் போனால் தேரிக்காட்டு மணலும் பனைமரங்களும் சூழ்ந்த மெய்ஞ்ஞானபுரம். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் 1844இல் அடிக்கல் நாட்டி 1847இல் திறந்த தூய பவுல் ஆலயம் அங்கே இருக்கிறது. அதன் கோபுர உயரமும் 192 அடி என்றே சொல்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்துக்குச் சொல்லும் அதே உயரம். முதல் நாள் பதினோரு நிலைக் கோபுரத்தையும் மறுநாள் இந்தக் கூர்முனைக் கோபுரத்தையும் பார்ப்பவருக்கு, ஒரே உயரத்தை இரண்டு கட்டட மரபுகள் எப்படி எட்டின என்ற கேள்வி தானாக எழும். ஒன்று அகன்ற அடித்தளத்திலிருந்து நிலை நிலையாகச் சுருங்கி ஏறுகிறது, மற்றது சதுரக் கட்டடத்தின்மேல் ஒரே வீச்சில் கூர்மையாகப் போகிறது.

வடக்கன்குளத்தையும் விடக்கூடாது. அங்குள்ள திருக்குடும்ப ஆலயம் 1872இல் கட்டப்பட்டபோது, சாதிப் பிரிவினையால் மக்கள் இரு தனி மண்டபங்களில் அமரும்படியும், இரண்டும் ஒரே பீடத்தை நோக்கிக் கூடும்படியும் வடிவமைக்கப்பட்டது. நடுவே சுவர். 1910ஐ ஒட்டி அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2022 மே மாதம் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்றதும் இந்த ஊரில்தான். அழகான கட்டடத்தைக் காட்டும் வழிகாட்டி, அந்த அழகின் நடுவே யாரை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கோயில்களுக்கும் இதே நியாயம்தான். 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் செல்லும்வரை, இன்று நாம் வியந்து பார்க்கும் தூண்களைச் செதுக்கிய நாட்டிலேயே அவற்றைப் பார்க்க முடியாதவர்கள் பல்லாயிரம் பேர் இருந்தார்கள். சிற்பத்தைப் பற்றிப் பேசும் அதே குரலில் இதையும் பேச வேண்டும்.

செய்ய வேண்டியவை

வழிகாட்டி என்றாலே கோயில் வாசலில் கையைப் பிடித்து இழுக்கும் ஆள் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அதை மாற்றச் சில ஏற்பாடுகள் வேண்டும்.

முதலாவது பயிற்சி. மத்திய சுற்றுலா அமைச்சகம் இணையவழியில் வழிகாட்டிகளுக்கான சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. அது அடிப்படை. அதற்குமேல் இந்த வட்டாரத்துக் கல்வெட்டு, சிற்பம், பிரபந்தம், மிஷன் வரலாறு ஆகியவற்றை அந்தந்தத் துறை அறிந்தவர்களிடம் பாடமாகக் கேட்க வேண்டும். இரண்டு ஊர்களிலும் கல்லூரிகள் இருக்கின்றன. தமிழும் வரலாறும் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் ஏராளம். தெலுங்கு தெரிந்த ராஜபாளையத்துப் பிள்ளைகளுக்கு ஆந்திரப் பயணிகளிடம் பேசும் வாய்ப்பு கூடுதல் பலம்.

இரண்டாவது ஒழுங்கு. பூசை நடக்கும் இடத்தில் உரக்கப் பேசக்கூடாது. சொல்ல வேண்டியதை வெளிப்பிரகாரத்தில் சொல்லிவிட்டு உள்ளே அமைதியாகப் போக வேண்டும். பல கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. அதை வாசலில் சொல்லி முகம் சுளிக்க வைக்காமல், பயணம் பதியும்போதே தெரிவித்துவிட வேண்டும். அவர்களுக்கென்று கோபுரம், நாயக்கர் மகால், திருமுக்குளம், தேர், பால்கோவா அடுப்பு என்று ஒரு முழு நடையை வகுக்க முடியும். தேவாலயத்தில் திருப்பலி நேரத்தில் குழுவோடு நுழையக்கூடாது.

மூன்றாவது கூலி. ஊருக்குச் செய்யும் சேவை என்று சொல்லி ஒருவரை இலவசமாக வெயிலில் நடக்க விட்டால் அந்த வேலை ஆறு மாதத்தில் நின்றுபோகும். கட்டணம் இவ்வளவு என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும். பேரம் கூடாது, கடைக்கு அழைத்துப் போய்க் கமிஷன் வாங்குவதும் கூடாது. பால்கோவாவைக் காட்டுவதாக இருந்தால் கடையின் விற்பனை மேசையோடு நிறுத்தாமல் அடுப்படிக்கு அழைத்துப் போகலாம். அகன்ற வாணலியில் பால் சுண்டச் சுண்டத் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்கும் கையையும், பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேராததையும் நேரில் பார்த்தவருக்கு, 2019இல் அதற்குக் கிடைத்த புவிசார் குறியீடு எதற்காக என்று விளங்கிவிடும்.

சென்னையிலிருந்து இரவு கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அடுத்து ராஜபாளையத்திலும் நின்று போகிறது. இறங்கியவருக்கு ஒரு நாள் திட்டம் தயாராக இருக்க வேண்டும். காலை ஆறரைக்குக் கோபுரத்தடி, ஏழரைக்குச் சன்னிதிகள், ஒன்பதுக்கு இட்லி, பத்துக்கு நாயக்கர் மகால், பதினொன்றுக்குத் திருமுக்குளத்தில் ராயர் கதை, மதியத்துக்குமேல் ராஜபாளையம், மாலையில் காந்தி கலை மன்றம். ஒரு குழுவில் பதினைந்து பேருக்குமேல் வேண்டாம். ஆடிப்பூரமும் மார்கழியும் கூட்டத்தின் காலம், புதிதாகத் தொடங்க ஏற்றவை அல்ல. ஆடித் தேர் நிலைக்கு வந்து, வீதிகள் பழையபடி ஆன பிறகு, ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் நடையை வைத்துக்கொள்ளலாம். முதல் குழுவில் வெளியூர்க்காரர்களைச் சேர்க்க வேண்டாம். இந்த ஊர்களிலேயே பிறந்து வளர்ந்து, கோபால விலாசத்தின் விதானத்தை ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்காத பதினைந்து பேர் வரட்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, இரண்டாவது நடையைத் திருத்தி அமைக்கலாம்.